குறைந்த மதிப்பெண்ணும் நிறைந்த கல்வியும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் குரங்கணியில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் செய்த பணிகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். அதனை நமக்கு முன் பேசிய நண்பர்கள் நிறைவாகச் செய்துவிட்டார்கள். நமக்கு அளிக்கப்பட்ட பொருள் வேறு. பள்ளி இறுதித் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளை, பலரும் போட்டியிட்டுச் சிலரே நுழையும் பெரிய பல்கலைக் கழகத்தை எட்ட முடியுமா என்பதே அது. முடியும் என்பது நம் விடை. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கைதட்டலுக்காகச் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டால் அது உங்களை ஏமாற்றியதாகும். எவ்வழியில் முடியும், எங்கே முடியாது, யார் துணை நின்றால் முடியும் என்பவற்றையும் சொல்லியாக வேண்டும். கழகம் செய்யத் தவறிய ஒன்றையும் இந்த அவையில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இந்த ஊரில் நின்று பேசும்போது பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து சேரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கும். பிறகு போடிநாயக்கனூருக்குப் போகும். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேல் இருந்த இரயில் பாதையை அழித்தது. இன்று கம்பிவடமும் இல்லை. ஆயினும் பெயர்கள் நிலைத்துவிட்டன. உச்சியில் டாப் ஸ்டேஷன். குரங்கணியிலிருந்து அதற்கு ஏறும் வழியில், நடுச்சரிவில் உள்ள சிற்றூருக்கு இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே பெயர். அடிவாரத்திலிருந்து ஒரே மூச்சில் உச்சிக்குப் போகாதவர்க்கும் நடுவே ஓர் இடம் உண்டு என்பதை அப்பெயர் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கல்வியிலும் அத்தகைய நடுநிலையங்கள் உண்டு. நம் பிள்ளைகளில் மிகப் பலருக்கு அந்த நடுநிலையமே வழி.

முதலில் நம் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். கழகம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் நடந்தது இது. அப்போது பன்னிரண்டாம் வகுப்பின் மொத்த மதிப்பெண் 1200. பரிசளிப்பு விழா நடத்தினோம். ஆயிரத்துக்கு மேல் பெற்றவர்க்குக் கைக்கடிகாரம், தொள்ளாயிரத்துக்கு மேல் பெற்றவர்க்கு அகராதி. கடைசி வரிசையில் ஒரு மாணவன் அமர்ந்திருந்தான். அவன் பெற்றது 512. எல்லாப் பாடத்திலும் தேறியவன். அவனுடைய வீட்டில் அதற்கு முன் எவரும் பத்தாம் வகுப்பைக் கூடத் தாண்டியதில்லை. விழா முடியுமுன் அவன் எழுந்து போனதை நாம் கண்டோம். கண்டும், மறுநாள் விசாரித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். மறுநாள் விடியுமுன் அவன் போடிமெட்டு வழியே ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறிவிட்டான். எந்தக் கல்லூரியும் அவனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லை. அவன் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கவே இல்லை. 512 என்ற எண்ணைத் தன்மேல் விழுந்த தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பை அவனுக்குக் கொடுத்தவர்களில் நாமும் உண்டு. அவன் இன்று தோட்டத்தில் மருந்து அடிக்கிறான். உழைத்து உண்பதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் வேறு வழி உண்டு என்பதை அறிந்த பின் அவன் அதைத் தேர்ந்தெடுத்தானா? இல்லை. அந்த வினா இந்த இருபத்தைந்து ஆண்டுக் கணக்கில் நம் பற்றுப் பக்கத்தில் நிற்கிறது.

மதிப்பெண் என்பது யாது? ஏலக்காய் வணிகம் அறிந்த இந்த வட்டாரத்தில் அதை விளக்குவது எளிது. காயைச் சல்லடையில் இட்டுத் தரம் பிரிக்கிறோம். எட்டு மில்லிச் சல்லடையில் நிற்பது ஒரு விலை, கீழே விழுவது ஒரு விலை. சல்லடை காயின் பருமனை மட்டுமே அளக்கிறது. அந்தச் செடிக்கு நிழல் கிடைத்ததா, தண்ணீர் கிடைத்ததா என்பதை அது கேட்பதில்லை. பொதுத் தேர்வும் அத்தகையதே. தாய் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய்விட, தம்பி தங்கைக்குச் சோறாக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பெண்ணும், மூன்று தனிப்பயிற்சி வகுப்புக்குச் செல்லும் பிள்ளையும் ஒரே சல்லடையில்தான் விழுகிறார்கள். சல்லடையைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. சல்லடை சொல்வதற்கு மேல் அதன் வாயில் நாம் சொல்லேற்றக் கூடாது என்பதே நம் கருத்து.

அண்ணல் அம்பேத்கரின் படிப்பு வரலாற்றை நாம் மேடைதோறும் சொல்கிறோம். கொலம்பியா என்போம், இலண்டன் என்போம். அவருடைய பள்ளி இறுதி மதிப்பெண்ணை மட்டும் சொல்வதில்லை. 1907ஆம் ஆண்டு பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அவர் மெட்ரிக்குலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750க்கு 282. நூற்றுக்கு 38க்கும் கீழே. மாணவர்களே, மீண்டும் சொல்கிறோம், கேளுங்கள்: 750க்கு 282. அந்நாளில் மெட்ரிக் தேறுவதே அரிது என்பதும், அன்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் அப்படியே நிறுத்துப் பார்க்க இயலாது என்பதும் உண்மை. ஆனாலும் அது உயர்ந்த மதிப்பெண் அன்று. நம் பரிசளிப்பு விழாவின் பட்டியலில் அவருக்கு இடம் கிடைத்திராது.

அந்த 282க்குப் பின்னே இருந்தது என்ன? பரேல் பகுதியில் ஒரே அறைகொண்ட குடியிருப்பு. சமையலும் உறக்கமும் படிப்பும் அந்த ஓர் அறையில்தான். தந்தை இராம்ஜி நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டுப் படிக்க வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வகுப்பில் ஒரு நாள் கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னே வைத்திருந்த சோற்றுப் பெட்டிகள் தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர் ஓடிப்போய் அவற்றை எடுத்தார்கள். இவையெல்லாம் மதிப்பெண் பட்டியலில் அச்சாவதில்லை.

அந்த எண்ணோடு அவர் நின்றுவிடவில்லை. அவரை நிற்க விடவும் இல்லை. இதைக் கவனியுங்கள். மெட்ரிக் தேறியதற்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். பின்னர்ப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் சொல்லி மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தவரும் அவரே. அதைக்கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912இல் பொருளியலிலும் அரசியலிலும் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் பரோடா உதவித்தொகையோடு நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவராகச் சேர்ந்தார். 1915இல் எம்.ஏ. 1916இல் இலண்டன் பொருளியற் பள்ளி. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, படிப்பை நடுவில் நிறுத்தி ஊர் திரும்ப நேர்ந்தது. 1918 முதல் 1920 வரை பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்தார். சேர்த்த பணமும் கடனும் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் போனார். 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி.

இதிலிருந்து மூன்று செய்திகள் நமக்குக் கிடைக்கின்றன. முதலாவது, அவர் ஒரே தாவலில் உச்சிக்குப் போகவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் பெற்ற தேர்ச்சியே அடுத்த நிலையத்துக்குச் சீட்டாயிற்று. கொலம்பியா அவரைச் சேர்த்தது பட்டதாரி என்ற தகுதியில். இரண்டாவது, அவர் வழியும் நடுவில் அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து மூன்றாண்டு கழித்துத் தொடர்ந்தார். மூன்றாவது, ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கை அவரைப் பிடித்திருந்தது. தந்தையின் கை, ஆசிரியரின் கை, மன்னரின் கை, கடன் கொடுத்த நண்பரின் கை. 282 பெற்ற பிள்ளைக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்திய அந்தப் பம்பாய்ப் பெரியவர்கள், 512 பெற்ற பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைத்த நம்மைவிட அறிவுடையவர்கள்.

நம் தமிழகத்திலேயே இன்னொரு சான்று உண்டு. கணித மேதை இராமானுஜன் பள்ளியில் சிறந்த மாணவர். ஆனால் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் அல்லாத பாடங்களில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கையில் பட்டம் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். 1913இல் சென்னைப் பல்கலைக் கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். 1916இல் அங்கே ஆராய்ச்சியின் வழியே பட்டம் பெற்றார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அவர் மேதை, எல்லோரும் அவர் ஆக முடியாது. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. விதி விலக்கப்படக் கூடியது. அதற்கு அந்த மாணவனின் வேலையைப் படித்துப் பார்த்து, இவனுக்காகப் பேசத்தான் வேண்டும் என்று எழுந்து நின்ற மனிதர் வேண்டும். அவருக்குப் பேச ஆள் இருந்தது. ஏலத்தோட்டக் கூலியின் மகளுக்கு யார் பேசுவது? கழகம் என்று ஒன்றை நாம் வைத்திருப்பது அதற்காகத்தானே?

அரிய மனிதரின் கருணையை எதிர்பார்த்திராமல், இதனை ஒரு சட்டமாகவே ஆக்கிய நாடும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1960ஆம் ஆண்டு தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. உயர்நிலைப் பள்ளி முடிப்போரில் மேல்தட்டில் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் நேராகச் சேரலாம். மேல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளில் சேரலாம். ஏனைய எல்லோருக்கும் ஊர்தோறும் இரண்டாண்டுக் கல்லூரிகள் திறந்திருக்கும். அங்கே நன்றாகப் படித்தவர், மூன்றாம் ஆண்டில் பல்கலைக் கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். அப்படி மாறி வருவோருக்கு இடம் வேண்டும் என்பதற்காக, முதலிரண்டு ஆண்டு மாணவர் 40 விழுக்காடு, மேலிரண்டு ஆண்டு மாணவர் 60 விழுக்காடு என்று இடப்பங்கீடு குறித்தார்கள். மாறி வருபவரிடம் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது கல்லூரியில் பெற்ற மதிப்பெண்ணை. பதினேழு வயதில் ஒருவன் எப்படி இருந்தான் என்பதைவிடப் பத்தொன்பது வயதில் எப்படி இருக்கிறான் என்பதே அவர்களுக்குப் பெரிது.

நம் நாட்டில் இப்படி நடு ஆண்டில் ஒரு கல்லூரியிலிருந்து பெரிய கல்லூரிக்கு மாறுவது அரிது. காலியிடம் வேண்டும், இரு கல்லூரியின் இசைவு வேண்டும், பாடத்திட்டம் ஒத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாயிலை நம்பிப் பிள்ளையை நிறுத்தி வைக்காதீர்கள். ஆனால் வேறு பெயர்களில் நமக்கும் நடுநிலையங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். பெற்றோர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதல் வழி தொழிற்கல்வி வழி. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே முதலாண்டு இடத்தை முடிவு செய்கிறது. அங்கே குறைந்தவர்க்கு வாயில் அடைபட்டதாகத் தோன்றும். ஆனால் பக்கத்தில் இன்னொரு வாயில் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவரும், பன்னிரண்டாம் வகுப்பு தேறியவரும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர், பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே கணக்கில் எடுப்பது பட்டயப் படிப்பின் மதிப்பெண்ணை. 2012இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி நம் போடிநாயக்கனூரிலேயே இருக்கிறது. பொறியியல் பட்டத்துக்குப் பின் கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேரலாம். ஐ.டி.ஐ.யில் தொடங்கி ஐ.ஐ.டி. வரை போகும் பாதை இது. நீண்ட பாதைதான், ஆனால் அறுபடாத பாதை.

இரண்டாவது கலைக் கல்லூரி வழி. பக்கத்து ஊர்க் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை படித்துவிட்டு, முதுகலைக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கு 2022 முதல் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. அறிவியல் படித்தவர் ஜாம் தேர்வெழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேரலாம். இவ்விடங்களில் போட்டியைத் தீர்ப்பது நுழைவுத் தேர்வு. இளங்கலையில் குறைந்த அளவு மதிப்பெண் இருக்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் விதி உண்டு. பட்டியல் இனத்தார்க்குப் பெரும்பாலும் தளர்வு உண்டு. ஆகவே கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்திலிருந்தே அரியர் விழாமல் காக்க வேண்டும். இழந்த பள்ளி மதிப்பெண்ணை எண்ணி அழுவதில் முதலாண்டைக் கழித்தவர், இரண்டாவது வாயிலையும் தாமே சாத்திக்கொள்கிறார்.

மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனேயே உள்ள வழி. மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளங்கலைப் படிப்புகளுக்கும் 2022 முதல் கியூட் தேர்வு உண்டு. குறைந்த அளவுத் தகுதியைத் தாண்டிவிட்டால், இடத்தைத் தீர்ப்பது பெரும்பாலும் அந்தத் தேர்வே. 2009இல் தோன்றிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக் கழகம் திருவாரூரில்தான் இருக்கிறது. அதே போன்று, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. நான்கு வாரப் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம், நேரடி ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு அதற்குத் தேவையில்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, மருத்துவப் படிப்பில் நடுவே நுழையும் வாயில் இல்லை. அதை விரும்புவோர்க்கு நுழைவுத் தேர்வு ஒன்றே வழி. மற்றொன்று, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையைக் குலைக்காதீர்கள். பள்ளியை முடிக்காமலே பட்டம் வாங்கித் தருகிறோம் என்று சொல்பவரை நம்பிப் பணம் கட்டி, பின்னர் அரசுப் பணித் தேர்வின் வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. குறைந்த மதிப்பெண்ணானாலும் தேறிய சான்றிதழ் தேறிய சான்றிதழே. அது அடித்தளக் கல். அதன்மேல் கட்டலாம். அது இல்லாமல் கட்ட இயலாது.

இனி, இந்த வழியில் நடந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். அவர் இந்த அவையில் இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 278 பெற்றவர். காய் எடுப்புக் காலத்தில் தாய் தோட்டத்திலேயே தங்கிவிடுவார். வீடு இந்தப் பெண்ணின் தலையில். தேர்வு முடிவு வந்த நாளில் தாய், "போதும்மா, என்கூட வந்துரு" என்றார். நாம் அந்த வீட்டுக்குப் போனோம். முன்பு செய்த தவறு நம்மைப் போக வைத்தது. மூன்றாண்டு மட்டும் கொடுங்கள் என்று அந்தத் தாயிடம் கேட்டோம். பெண் பக்கத்துக் கல்லூரியில் வரலாறு சேர்ந்தார். முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் விழுந்தார். இரண்டாம் பருவத்தில் எழுந்தார். மூன்றாம் ஆண்டில் முதுகலை நுழைவுத் தேர்வெழுதினார், கிடைக்கவில்லை. அந்த ஓராண்டு போடியில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டே, பழைய வினாத்தாள்களை ஒன்று விடாமல் எழுதிப் பார்த்தார். அடுத்த ஆண்டு வெளிமாநிலத்து மத்தியப் பல்கலைக் கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. நேர்காணலோ விண்ணப்பமோ, எங்கேயும் அவர் 278ஐ மறைக்கவில்லை. கேட்டவிடத்து, "அந்த ஆண்டு வீட்டை நான் பார்த்துக்கொண்டேன்; அதன் பிறகு என் மதிப்பெண்ணைப் பாருங்கள்" என்று இரண்டு வரியில் சொன்னார். குறையைச் சொல்வதற்கு அவ்வளவு போதும். நீண்ட புலம்பலும் வேண்டா, பொய்யும் வேண்டா.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பட்டியல் இன மாணவர்க்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை 1944ஆம் ஆண்டிலிருந்து வருகிறது. வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தின் வழியே அதைப் பெறலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. அதற்கு முந்தைய பட்டத்தின் மதிப்பெண்ணும் பார்க்கப்படும். ஆயினும் நாம் கண்ட அளவில், நம் பிள்ளைகள் பெரிய தொகையால் நின்றதைவிடச் சிறிய தொகையால் நின்றதே மிகுதி. விண்ணப்பக் கட்டணம், மதுரையில் தேர்வெழுதப் போகும் பேருந்துச் செலவு, சாதிச் சான்றிதழுக்காக இழந்த இரண்டு நாள் கூலி, மலையில் அலைபேசித் தொடர்பு கிடைக்காமல் தவறிய கடைசித் தேதி — இவை எந்த அரசாணையிலும் இல்லாத தடைகள்.

சேர்வதோடு கதை முடிவதில்லை என்பதையும் கனத்த நெஞ்சோடு சொல்கிறோம். 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ரோகித் வேமுலாவை இழந்தோம். 2017 மார்ச்சில் டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் படித்த நம் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணனை இழந்தோம். பெரிய வாயிலுக்குள் பிள்ளையை அனுப்பிவிட்டு, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. மேற்சொன்ன நம் பெண், முதல் மூன்று மாதம் உணவுக்கூடத்தில் தனியே உட்கார்ந்து உண்டதாகச் சொன்னார். வகுப்பில் ஆங்கிலம் ஓடும் வேகத்தில் பாதி புரியவில்லை என்றார். இரண்டு முறை பெட்டியைக் கட்டினார். அவரை அங்கே நிறுத்தியது, ஞாயிறுதோறும் தவறாமல் கழகத்திலிருந்து வந்த ஓர் அலைபேசி அழைப்பு. அதில் பெரிய அறிவுரை எதுவும் இல்லை. "சாப்பிட்டியாம்மா? இந்த வாரம் என்ன பாடம்?" அவ்வளவே.

ஆகவே, அன்பர்களே, இந்த வெள்ளி விழாவில் நாம் மூன்று தீர்மானங்களை அவை முன் வைக்கிறோம்.

முதலாவது, இனி நம் பரிசளிப்பு விழாவில் இரண்டு பட்டியல் வேண்டும். உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் பட்டியல் ஒன்று. தேறிய எல்லோருடைய பட்டியலும் மற்றொன்று. இரண்டாம் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்து, "அடுத்து எங்கே சேரப் போகிறாய்?" என்று கேட்க வேண்டும். விடை தெரியாதவன் வீட்டுக்கு மறுநாளே கழகத்தின் ஆள் போக வேண்டும். ஜீப் புறப்படுவதற்கு முன் போக வேண்டும்.

இரண்டாவது, அவர்களை மூன்றாண்டு தொடரும் ஒரு பதிவேடு. பருவந்தோறும் மதிப்பெண், அரியர் இருந்தால் அதற்கு உதவி, இறுதி ஆண்டில் எந்த நுழைவுத் தேர்வு, அதன் கடைசித் தேதி எது என்பன அதில் இருக்க வேண்டும். ஏலச்செடியே நட்ட மூன்றாம் ஆண்டில்தானே காய்க்கிறது? செடிக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்ட மாட்டோமா?

மூன்றாவது, வெள்ளி விழா நிதியில் ஒரு பங்கை விண்ணப்பக் கட்டணத்துக்கும் தேர்வுப் பயணத்துக்கும் ஒதுக்க வேண்டும். வெளியூரில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஞாயிறுதோறும் பேச ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இறுதியாக ஒரு சொல். குறைந்த மதிப்பெண் வாங்கியது பெருமை அன்று. அதைப் பெருமை என்று சொல்ல நாம் வரவில்லை. உழைக்காமல் குறைந்தவர் தம் உள்ளத்தைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் அந்த எண் நீங்கள் நடந்து வந்த வழியைச் சொல்கிறதேயன்றி, இனி நடக்கப் போகும் வழியைச் சொல்லவில்லை. அதை எழுதும் பேனா இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கையில் மதிப்பெண் பட்டியலோடு கடைசி வரிசையில் இன்று யாரேனும் அமர்ந்திருந்தால், விழா முடியுமுன் எழுந்து போய்விடாதீர்கள். நாம் இறங்கி அங்கே வருகிறோம்.

பெற்றோர்களே, உச்சி தெரியவில்லை என்று பிள்ளையை அடிவாரத்திலேயே நிறுத்தாதீர்கள். இம்மலையின் நடுவே ஒரு நிலையம் இருந்ததை நம் முன்னோர் அறிவர். அங்கே சுமையை ஏற்றி இறக்கியவர்கள் அவர்கள். அடுத்த ஏற்றத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஏறட்டும்.